மன்றம் இல்லாத பிறந்தநாள்கள்

2016 நவம்பர் 1 அன்று மதுரை நகராட்சிக்கும் திருச்சி நகராட்சிக்கும் 150 வயது நிறைந்தது. இரண்டுமே இன்று மாநகராட்சிகள். அந்த நாளில் இரண்டு ஊரிலும் மேயர் இல்லை, ஒரு கவுன்சிலர்கூட இல்லை. முந்தைய மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் அக்டோபர் 24ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அதே மாதம் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 4ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. அதன் பிறகு எல்லா ஊர்களும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. ஐந்து வருடத்துக்கும் மேலான இடைவெளி.

ஒரு நகரமன்றத்தின் 150ஆவது பிறந்தநாளில் மன்றமே இல்லை என்பது பெரிய செய்தியாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். நம் ஊர்களில் உள்ளாட்சி அமைப்பின் ஆண்டுவிழா என்றால் எதைக் கொண்டாடுகிறோம்? கட்டடத்தையா, ஊரையா, மன்றத்தையா?

சென்னையில் இது ஒரு முறை நடந்ததல்ல. 1688 செப்டம்பர் 29 அன்று பிறந்த மாநகராட்சி அது. 1988இல் 300 ஆண்டு நிறைந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கலைக்கப்பட்டு 15 வருடம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி என்பதால் சட்டமன்றமும் இல்லை. 2021இல் 333 ஆண்டு நிறைந்தபோதும் ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடத்தில் உட்கார உறுப்பினர்கள் இல்லை. ஈரோடு நகராட்சி 1871இல் தொடங்கியது. பெரியார் தலைவராக இருந்த நகராட்சி அது. அதன் 150ஆவது ஆண்டும் 2021இல்தான் வந்தது, அதே நிலையில்தான் கடந்தது.

இத்தனை ஊர்களுக்கு ஏன் ஒரே காலத்தில் வயது கூடுகிறது என்று கேட்கலாம். மதுரை, திருச்சி, கோவை, சேலம், தஞ்சாவூர், கும்பகோணம், திருநெல்வேலி, தூத்துக்குடி, திண்டுக்கல், எல்லாவற்றுக்கும் பிறந்த வருடம் 1866. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டுக்கும் அதே வருடம்தான். மக்கள் கேட்டுப் பெற்றதல்ல இது. 1865இல் மாகாண அரசு கொண்டுவந்த நகர மேம்பாட்டுச் சட்டத்தின் விளைவு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசின் கஜானா கடனில் இருந்தது. புதிதாக அமைத்த போலீஸ் படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சாலை போட வேண்டும், காலராவையும் அம்மையையும் சமாளிக்க வேண்டும். அந்தச் செலவில் பெரும்பங்கை ஊர்க்காரர்கள் தலையிலேயே வைப்பதுதான் சட்டத்தின் நோக்கம். வீட்டுவரி, தொழில்வரி, வண்டிவரி, சுங்கம் என்று வசூல் தொடங்கியது. மன்றத்தில் இருந்தவர்களோ அரசு நியமித்தவர்கள். திருச்சியில் முதல் மன்றத்தில் பதவி வழியாக வந்தவர்கள் இரண்டு பேர், நியமனம் பெற்றவர்கள் ஒன்பது பேர். அங்கே தேர்தல் வந்தது 1877இல்தான்.

சென்னையின் கதையும் வரியிலிருந்துதான் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கேட்ட வீட்டுவரியை, கோட்டைக்கு வெளியே உள்ளூர்க்காரர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து மக்கள் கொடுக்க மறுத்த காலம் அது. ஊர்க்காரர்களையும் சேர்த்து ஒரு சபை அமைத்து, வரி போடுவதை அந்தச் சபையையே செய்யச் சொன்னால் எதிர்ப்பு அடங்கும் என்று லண்டனில் கம்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் அனுமதியோடு 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் கப்பலேறி வந்தது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆல்டர்மென் என்ற மூத்த உறுப்பினர்கள் குழுவில் ஆங்கிலேயரோடு போர்த்துக்கீசியர், யூத வணிகர், உள்ளூர் வணிகர்களுக்கும் இடம் இருந்தது. வரிப்பணத்தில் ஒரு நகர மண்டபம், சிறைச்சாலை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரும் பள்ளி எல்லாம் கட்டலாம் என்று சாசனம் சொன்னது. ஊர் மக்களை நம்பிக் கொடுத்த அதிகாரம் என்று இதைப் புகழ்ந்து பேசுவது சரியல்ல. வரி கட்டச் சம்மதிக்க வைக்க வேறு வழி தெரியாமல் கொடுத்தது இது.

ஆண்டுவிழா என்றால் இந்தக் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வசூலுக்காக மேலேயிருந்து வைக்கப்பட்ட ஓர் அமைப்பை ஊர்க்காரர்கள் மெல்ல மெல்ல எப்படித் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதில்தான் இந்த 150 வருடங்களின், 300 வருடங்களின் பெருமை இருக்கிறது. வழக்கமான விழாக்களில் அது மட்டும் வருவதில்லை. கட்டடத்துக்கு வண்ண விளக்கு போடுகிறார்கள். கோலப்போட்டி, பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி நடக்கிறது. மலர் வெளியிட்டால் முன்பக்கங்களை வாழ்த்துச் செய்திகளும் பின்பக்கங்களை ஒப்பந்ததாரர்களின் விளம்பரங்களும் நிரப்பிவிடுகின்றன. நடுவில் ஊரின் கோயில் வரலாறு வரும். மன்றத்தில் யார் என்ன பேசினார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது வராது.

அப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவைக்குக் குடிதண்ணீர் பெரும்பாடு. கிணறுகளும் குளங்களும் கோடையில் கைவிட்டுவிடும். பத்திரிகையாளரும் நகரமன்றத்தில் இருந்தவருமான சே.ப. நரசிம்மலு நாயுடு 1880களின் இறுதியில் மேற்கு மலைக்குள் போய், சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று எழுதினார், பேசினார். செலவைப் பார்த்துத் திட்டம் தள்ளிப்போனது. நடுவில் ஊரைப் பிளேக் நோய் பலமுறை தாக்கியது. நகரமன்றத் தலைவராக வந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் விடாமல் நின்று திட்டத்தை நிறைவேற்றினார். நாயுடு குரல் கொடுத்து ஏறக்குறைய 40 வருடம் கழித்துத்தான் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்தது. அதைப் பார்க்க நாயுடு உயிரோடு இல்லை. அவர் 1922இல் காலமாகிவிட்டார். முதலியாரின் பெயர் ஆர்.எஸ். புரமாக ஊரில் நிலைத்துவிட்டது. தண்ணீரை முதலில் கனவு கண்டவர் பெயரைக் கேட்டால் கோவையிலேயே எத்தனை பிள்ளைகள் சொல்வார்கள்?

தூத்துக்குடியிலும் இதேபோல் ஒரு கதை. கடலோர ஊர், நிலத்தடி நீர் உப்பு. 1909இல் நகராட்சித் தலைவரான ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியாக 1927இல் ஊருக்குக் கொண்டுவந்தார். இன்றும் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்று சொல்கிறார்கள். சென்னையில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940இல் அடிக்கல் நாட்ட வைத்தது மேயர் சத்தியமூர்த்தியின் பிடிவாதம். அணை 1944இல் முடிந்தது. அவர் 1943இலேயே இறந்துபோனார். ஊர் ஊராகப் பார்த்தால், நகரமன்றத்தின் வரலாறு பாதிக்குமேல் தண்ணீரின் வரலாறுதான்.

அடுத்து சோறு. 1920இல் சென்னை மாநகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம்விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் செலவழிக்கலாம் என்று மன்றம் தீர்மானம் போட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் போனார்கள் என்பதுதான் காரணம். பிறகு பணம் ஒதுக்குவதில் சிக்கல் வந்து திட்டம் நின்றுபோனது. ஆனால் யோசனை சாகவில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு என்று மாநிலமே பின்பற்றியது. ஒரு பள்ளிக்கூடம், ஒரு அணா, ஒரு மன்றக் கூட்டம். மாநகராட்சியின் ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு ஒரே ஒரு பொருள்தான் வைக்க முடியும் என்றால் அந்தத் தீர்மானப் பக்கத்தின் நகலை வைக்கலாம். மேயரின் அங்கியையும் செங்கோலையும்விட அதில் விஷயம் அதிகம்.

இன்னொரு ஏடும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் தயக்கம். மஸ்டர் ரோல். அன்றாடக் கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளியின் வருகைப் பதிவு அது. மேஸ்திரி காலையில் பெயர் கூப்பிடுவார், வந்தவர் பெயருக்கு நேரே குறி விழும், அந்தக் குறியை வைத்துத்தான் கூலி. வேலைக்கு வராதவர்கள் பெயரிலும் இல்லாதவர்கள் பெயரிலும் கூலி எழுதி எடுத்த ஊழல்தான் 1973இல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைக்கக் காரணமாயிற்று. கலைத்தவர்கள் திரும்பத் தேர்தல் வைக்க 1996 ஆயிற்று. 23 வருடம். முறைகேடு செய்தவர்களைத் தண்டிப்பது வேறு, ஊருக்கே மன்றம் இல்லாமல் செய்வது வேறு. அந்த 23 வருடத்தில் சென்னை பல மடங்கு பெருத்தது. குடிசைகள் பெருகின, ஏரிகள் மனைகளாயின, 1993இல் குடிநீர்ப் பஞ்சம் வந்தது. இவற்றையெல்லாம் பற்றி வார்டுக்காரர்கள் சார்பில் எழுந்து நின்று கேட்க மன்றத்தில் ஒருவரும் இல்லை.

பொய்ப்பெயர்கள் பற்றிய வழக்கு வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. அதே ஏடுகளில் இருந்த உண்மையான பெயர்கள் இடம்பிடிக்கவில்லை. கையால் மலம் அள்ளியவர்கள், சாக்கடைக்குள் இறங்கியவர்கள், பிளேக் காலத்திலும் காலரா காலத்திலும் பிணங்களை எடுத்தவர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னைத் தெருக்களைத் துடைத்தெடுக்க மற்ற ஊர்களிலிருந்து லாரிகளில் வந்து இறங்கியவர்கள், எல்லோரும் நகராட்சி ஊழியர்கள்தான், அல்லது நகராட்சியின் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்கள். சாதியால் அந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர்கள், தலைமுறை தலைமுறையாக. இந்தக் குடும்பங்களின் வாய்மொழியைப் பதிவு செய்யாத எந்த நகராட்சி வரலாறும் முழுமையானதல்ல. தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும் கூடத்தில் இவர்களுக்கும் ஒரு சுவர் வேண்டும். பெயரோடு, பணியாற்றிய வருடங்களோடு. ஓய்வுபெற்ற தூய்மைப் பணியாளர்களைப் பேசவிட்டு, அவர்கள் பிள்ளைகளை வைத்தே பதிவு செய்தால், நகராட்சி தன் பிறந்தநாளுக்குச் செய்யக்கூடிய மிக நேர்மையான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கலைக்கு வருவோம். உள்ளாட்சியும் கலையும் சேர்ந்த முயற்சிகள் நமக்குப் புதிதல்ல. 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டு ஓவியம் வரையவைத்தது. வரைந்தவர்களில் பலர் சினிமா பேனர் ஓவியர்கள். பிளெக்ஸ் அச்சு வந்து பிழைப்பு போன நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த வேலை அது. அந்த வகையில் நல்ல காரியம். ஆனால் வரைந்தது என்ன? மாமல்லபுரம், பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு, இயற்கைக் காட்சி. எந்தத் தெருவில் வரைந்தாலும் பொருந்துகிற படங்கள்.

2020இல் கண்ணகி நகரில் நடந்தது வேறு மாதிரி. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநகராட்சியும் சேர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் மூன்று நான்கு மாடி உயரத்துக்குப் பெரிய ஓவியங்களை வரையவைத்தன. கண்ணகி நகர் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் இதன் பொருள் விளங்கும். நகரின் நடுவில் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் இருந்த குடிசைகளை இடித்து, 2000க்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அப்போது அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, 155 வார்டு 200 வார்டாக ஆனபோதுதான் கண்ணகி நகர் சென்னைக்குள் வந்தது. நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைத் தேடி நகரத்தின் எல்லையே பின்னால் போனது. அங்கே வாழும் பிள்ளைகளின் சிரித்த முகங்கள் சுவரேறியதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ளவர்கள் பல வருடமாகச் சொல்லிவந்தார்கள். படம் பார்க்கவென்று வெளியாட்கள் அந்த முகவரியைத் தேடி வந்தது சின்ன மாற்றமல்ல. ஆனாலும் அடுத்த படி ஒன்று பாக்கி இருக்கிறது. எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தோம், எந்த வருடம், எந்தத் தெரு என்று அவர்களே சொல்லி அவர்களே வரைகிற சுவர் வேண்டும்.

அந்தந்த வட்டாரத்துக்கு அந்தந்தக் கலை இருக்கிறது. தூத்துக்குடியின் தண்ணீர்க் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினால் அது எடுபடும். உப்புக் கிணறு, குடம் சுமந்த பெண்கள், வல்லநாட்டுக் குழாய் என்று ‘ஆமாம்’ போடப் போட வளரும் கதை அது. வேலூர், காஞ்சிபுரம் பக்கம் தெருக்கூத்துக்காரர்கள் இருக்கிறார்கள். 1688இன் வரிச் சண்டையைக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வாயில் கொடுத்துப் பாருங்கள், பள்ளிப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்லாததை அரை மணியில் சொல்லிவிடுவான். கோலப்போட்டியை நிறுத்த வேண்டியதில்லை. வார்டின் வரைபடத்தைக் கோலமாகப் போடச் சொல்லலாம். குழாயடி எங்கே, அடைபடும் சாக்கடை எங்கே, எரியாத விளக்கு எங்கே என்று பெண்களுக்குத் தெரிந்த அளவு எந்த இளநிலைப் பொறியாளருக்கும் தெரியாது. கலைஞர்களுக்கு மேடையும் சால்வையும் மட்டும் போதாது, சம்பளம் கொடுக்க வேண்டும். விழாச் செலவுக் கணக்கில் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் தொகை இருக்கும், ஆட்டக்காரருக்கு ‘அன்பளிப்பு’ என்று கடைசி வரியில் இருக்கும். இது மாற வேண்டும்.

மக்களே முன்நின்று நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே முன்மாதிரி உண்டு. 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதியை நகரத்தின் பிறந்தநாளாக வைத்து, எஸ். முத்தையா போன்ற வரலாற்று ஆர்வலர்களும் பத்திரிகையாளர்கள் சிலரும் 2004இல் மெட்ராஸ் தினத்தைத் தொடங்கினார்கள். அரசாணை இல்லை, பெரிய நிதி இல்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவில் ஒரு நடையையோ கண்காட்சியையோ சொற்பொழிவையோ ஏற்பாடு செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று அது வாரக்கணக்கில் நடக்கிறது. மயிலாப்பூருக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் கிடைத்த கவனம் வியாசர்பாடிக்கும் வரத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 22 ஊரின் நாள். செப்டம்பர் 29, மன்றத்தின் நாள், ஒரு மாதம் கழித்துச் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. மெட்ராஸ் தினத்தின் அதே திறந்த முறையை 200 வார்டிலும் அந்த நாளுக்குக் கொண்டுவரலாம்.

உடனே தொடங்க வேண்டிய வேலைகள் விழாவைவிட முக்கியம். பழைய தீர்மானப் புத்தகங்களும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் பல நகராட்சி அலுவலகங்களில் ஈரச் சுவரை ஒட்டிய அலமாரிகளில் கிடக்கின்றன. காகிதம் தொட்டால் உதிரும் நிலை. இவற்றை ஸ்கேன் செய்து பொதுவில் வைக்க ஒரு மேம்பாலத்தின் செலவில் சிறு துளி போதும். பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்களை இதில் இறக்கினால், தன் வார்டின் முதல் குழாய் எந்த வருடம் வந்தது, எந்த உறுப்பினர் கேட்டு வந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இன்னொரு வேலைக்கு அவசரம் அதிகம். அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. வீட்டு வாசலைத் தாண்டி மேடை ஏறியிராத ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த ஒரே தேர்தலில் மன்றத்துக்குள் வந்தார்கள். சிலருக்குப் பதிலாகக் கணவர்களே நாற்காலியில் உட்கார்ந்ததும், சிலர் ‘நான்தான் கவுன்சிலர், நீங்கள் வெளியே இருங்கள்’ என்று நின்றதும் அந்த ஐந்து வருடத்தில் நடந்தவை. இவை அதிகம் எழுதப்படவில்லை. அன்று நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபது. 2022இல் 21 மாநகராட்சிகளில் 11இல் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, சென்னையில் முதன்முறையாக ஒரு தலித் பெண் மேயரானார். அங்கே வரைக்குமான பாதையைப் போட்ட முதல் வரிசைப் பெண்களை அடுத்த ஆண்டுவிழா வரை காத்திருக்க வைக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் அவர்கள் பட்டியல் தேர்தல் அலுவலகத்தில் இருக்கிறது. கையில் கைபேசி இருக்கும் பேத்திகள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

வரப்போகும் நாள்களும் தெரிந்தவைதான். 1971இல் மாநகராட்சியான மதுரைக்கு 2031இல் அந்த நிலையில் 60, 1981இல் மாநகராட்சியான கோவைக்கு அதே ஆண்டு 50. சென்னைக்கு 2038இல் 350. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் காலம் 2027 மார்ச்சில் முடியும். காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. விழாக்குழு அமைக்கிறவர்கள் முதல் கூட்டத்தில் முதல் பொருளாக அந்தத் தேர்தல் தேதியைக் கேட்டு அரசுக்குக் கடிதம் எழுதட்டும். பந்தல்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.